கான்கிரீட்டைப் பூசாமல் விட்ட கலைஞர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

கட்டடக் கலை என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லையும் தாஜ்மகாலுமே. கல்லிலும் பளிங்கிலும் கலை உண்டு என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்து கொட்டிய கான்கிரீட்டில், அதுவும் பூச்சு வேலை காணாத கான்கிரீட்டில் கலை உண்டு என்று யாரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். நானும் சிரித்திருப்பேன். என் தந்தையார் சென்ட்ரிங் வேலை செய்பவர் என்பதால் சிரிக்கவில்லை.

சென்ட்ரிங் வேலையை அறியாத நண்பர்களுக்காக இரண்டு வரி. தளம் போடுவதற்கு முன்னால் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து, மேலே பலகை பரப்பி, பலகையில் எண்ணெய் தடவி வைப்பார்கள். அதன்மேல் கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டுவார்கள். நாளாகி இறுகியபின் முட்டையும் பலகையையும் பிரித்துவிடுவார்கள். ஆக, சென்ட்ரிங்காரரின் வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமே அவருடைய வேலை அங்கே இல்லாமற் போவதுதான். சென்ற கோடை விடுமுறையில் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தந்தையாருடன் நானும் வேலைக்குப் போனேன். பலகையைப் பிரித்தபோது தளத்தின் அடியில் மரத்தின் ரேகைகளும் முடிச்சுகளும் ஆணித்தலைகளும் அப்படியே பதிந்திருந்தன. கல்லில் மரம் முளைத்தது போலிருந்தது. ஒரு வாரத்தில் கொத்தனார்கள் வந்து எல்லாவற்றையும் பூசி மறைத்துவிட்டார்கள்.

கல்லூரி திறந்தபின் மாவட்ட மைய நூலகத்தில் கட்டடக் கலை பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தற்செயலாகப் புரட்டினேன். பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் உள்ள ஒரு மாபெரும் குடியிருப்பின் படம். யானைக் கால்கள் போன்ற தூண்கள். அவற்றின்மேல் பலகை ரேகைகள்! பூசவே இல்லை. பூசாமல் விட்டவர் பெயர் லே கார்பூசியே என்று போட்டிருந்தது. அன்று தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

அவர் பெற்றோர் இட்ட பெயர் ஷார்ல் எதுவார் ழான்னரே. 1887ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சுவிட்சர்லாந்தில், ல ஷோ த ஃபோன் என்னும் மலையூரில் பிறந்தார். ஊர் முழுவதும் கடிகாரத் தொழில். தந்தையார் கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி; தாயார் இசை ஆசிரியை. (பூச்சுத் தொழிலாளியின் மகன்தான் பிற்காலத்தில் பூச்சே வேண்டாம் என்றார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.) மகனும் கடிகார உறைகளில் சித்திரம் செதுக்கக் கற்கவே உள்ளூர்க் கலைப்பள்ளியில் சேர்ந்தார். கண்பார்வை அந்நுண்தொழிலுக்கு இடங்கொடுக்கவில்லை. லெப்லாத்தனியே என்ற ஆசிரியர்தான் இவனுக்குக் கட்டடக் கலையே ஏற்றது என்று கண்டு, பையன் விரும்பாதபோதும் அவ்வழியில் திருப்பிவிட்டார். ஒரு நல்லாசிரியர் ஒருவருடைய வாழ்வில் எவ்வளவு பெரிய திருப்பத்தை உண்டாக்கிவிடுகிறார்! பதினெட்டு வயதில் உள்ளூரில் முதல் வீட்டைக் கட்டும் பணியில் இறங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகெங்கும் கட்டடக் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்பட்டுள்ள இம்மனிதர் எந்தக் கட்டடக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றவரல்லர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் என்ற பெருமையில் திளைத்துக்கொண்டிருந்த எனக்கு இச்செய்தி சற்றுக் கசந்தது. ஆனால் அவர் படிக்காதவர் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தாலியில் ஊர் ஊராகச் சென்று வரைந்தார். 1908இல் பாரிசில் ஒகுஸ்த் பெரே என்பாரிடம் வேலைக்குச் சேர்ந்து, கம்பி வைத்த கான்கிரீட்டின் நுட்பங்களை அறிந்தார். முதற்சம்பளத்தில் அவர் வாங்கியவை கட்டடக் கலை அகராதியின் தொகுதிகள். பின்னர் பெர்லினில் பீட்டர் பேரன்ஸ் என்பாரிடம் சில மாதங்கள். 1911இல் துருக்கி, கிரேக்கம் என்று நீண்ட பயணம். ஏதென்சில் பார்த்தனான் கோயிலைப் பல நாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

1914இல் போர் மூண்டது. இடிந்த ஊர்களில் வீடுகளை விரைவாக எழுப்புவது எப்படி என்று சிந்தித்து ஒரு படம் வரைந்தார். ஆறு தூண்கள், மூன்று தளங்கள், ஒரு படிக்கட்டு. அவ்வளவுதான். சுவரே இல்லை. பாரம் முழுவதையும் தூண்கள் தாங்குவதால் சுவரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், வைக்காமலும் விடலாம் என்பது கருத்து. இன்று நம் ஊர்களில் தூணும் தளமும் முதலில் எழும்பிப் பிறகு இடையிடையே செங்கல் அடைக்கிறார்களே, அந்தக் கருத்து அப்படத்தில் தெளிவாக இருக்கிறது.

1917இல் பாரிசுக்கே குடியேறினார். 1920இல் நண்பர்களோடு ஒரு பத்திரிகை தொடங்கியபோது, முன்னோர் ஒருவரின் பெயரைத் திரித்து லே கார்பூசியே என்ற புனைபெயர் பூண்டார். 1923இல் வந்த அவருடைய நூல், வீடு என்பது வாழ்வதற்கான இயந்திரம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. கப்பலையும் விமானத்தையும் மோட்டார் வண்டியையும் பார்த்துக் கட்டடம் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். 1930இல் பிரெஞ்சுக் குடிமகனானார். அவ்வாண்டே இவோன் என்ற பெண்மணியை மணந்தார்.

பாரிசுக்கு அருகே புவாசியில் 1931இல் முடிந்த வில்லா சவுவா என்ற வீடு அவருடைய புகழை உச்சிக்குக் கொண்டு சென்றது. மெல்லிய தூண்களின்மேல் வெள்ளைப் பெட்டி மிதப்பது போன்ற வீடு. ஆனால் மழை பெய்தால் ஒழுகியது! வீட்டுக்காரர்கள் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார்கள். நம் வகுப்பறையில் ஐப்பசி மாதம் வாளி வைத்துப் பாடம் கேட்கும் நமக்கு அந்த அம்மையாரின் துயரம் நன்றாகவே புரியும். நமக்கு வாய்த்தது புகழ்பெற்ற கூரை அன்று என்பதுதான் வேறுபாடு.

இவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அச்சமும் உண்டாயிற்று. 1925இல் பாரிசு நகரின் நடுப்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, அறுபது மாடிகள் கொண்ட 18 கோபுரங்களை வரிசையாக நிறுத்தலாம் என்று ஒரு திட்டம் தீட்டினார். நல்லவேளையாக யாரும் ஏற்கவில்லை. ஐலீன் கிரே என்ற பெண் கலைஞர் கடற்கரையில் அழகுற அமைத்த வீட்டின் வெண்சுவர்களில், அவரைக் கேட்காமலே பெரிய ஓவியங்களைத் தீட்டினார். அவ்வம்மையார் மனம் நொந்தார். 1940இல் பிரான்சு இட்லரிடம் வீழ்ந்தபின், இட்லருக்கு உடந்தையாக விஷியில் அமைந்த அரசிடம் வேலை கேட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்துக் கிடந்தார். வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் செய்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். கட்ட வேண்டும் என்ற வெறியில் யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை மறந்துவிட்ட காலம் அது. பெரியோர் வரலாறு எழுதும்போது இவற்றை விட்டுவிடுவது வழக்கம். எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்தது. பிரான்சில் குடியிருக்க வீடில்லாதோர் கணக்கிலர். மார்செய் நகரில் ஒரு குடியிருப்பு கட்டும் பணியை அரசு இவரிடம் ஒப்படைத்தது. 1947இல் தொடங்கி 1952இல் முடிந்தது. 337 வீடுகள், ஏறத்தாழ 1,600 பேர் வாழும் ஓர் ஊரே ஒரு கட்டடத்துக்குள்! பாதி உயரத்தில் கடைத்தெரு; மொட்டைமாடியில் குழந்தைகள் பள்ளியும் சிறு நீர்த்தொட்டியும் உடற்பயிற்சிக் கூடமும். பெரும்பாலான வீடுகள் இரண்டு தளங்களில் அமைந்து, கட்டடத்தின் இருபுறமும் திறந்திருப்பதால் காற்று குறுக்கே ஓடும். மூன்று தளங்களுக்கு ஒரு நடைவழி போதும்.

அதை எஃகினால் கட்டத்தான் முதலில் எண்ணியிருந்தார். போருக்குப்பின் எஃகு கிடைக்கவில்லை. கான்கிரீட்டுக்கு மாறினார். வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர்கள் பலர். ஒருவர் வேலை ஒருவர் வேலையோடு பொருந்தவில்லை. பலகை பிரித்ததும் இணைப்புகள் பிசிறடித்திருந்தன, ரேகைகள் கோணலாயிருந்தன. வேறொருவராக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார். இவர் பார்த்தார், முகத்துக்குச் சுருக்கங்கள் எப்படியோ அப்படிக் கட்டடத்துக்கு இவை என்று விட்டுவிட்டார். 1920களில் வெள்ளையடித்து வழவழப்பாக்கி இயந்திரம் போல் காட்ட முயன்ற அதே மனிதர், அறுபது வயதைத் தாண்டியபின் மனிதக் கையின் அடையாளத்தை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உள்ளூர் மக்களோ அக்கட்டடத்துக்குப் பைத்தியக்காரன் வீடு என்று பட்டப்பெயர் சூட்டினார்கள்.

பூசாத, பண்படுத்தாத கான்கிரீட்டைப் பிரெஞ்சு மொழியில் பெத்தோன் ப்ரூத் என்பர். ப்ரூத் என்றால் பச்சையான, பக்குவம் செய்யாத என்று பொருள். இங்கிலாந்தில் 1950களில் ஸ்மித்சன் தம்பதியரும், 1955இல் கட்டுரை எழுதிய ரெய்னர் பேனம் என்ற திறனாய்வாளரும் இவ்வகைக் கட்டடக் கலைக்குப் புரூட்டலிசம் என்ற பெயரை நிலைநாட்டினர். ஆங்கிலத்தில் அச்சொல் முரட்டுத்தனத்தையும் கொடுமையையும் நினைவூட்டியது. பெயரைக் கேட்டே வெறுத்தவர்கள் பலர். பச்சைக் கான்கிரீட் என்று தமிழில் நாம் வைத்திருந்தால் இத்தனை பழி வந்திராது.

கணித மாணவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்செய்க் கட்டடத்தின் அளவுகளை எல்லாம் அவர் தாமே வகுத்த மாடுலோர் என்ற அளவுகோலால் அமைத்தார். 43, 70, 113, 183 என்று சென்டிமீட்டர்களில் போகும் தொடர் அது. 43ஐயும் 70ஐயும் கூட்டினால் 113. 70ஐயும் 113ஐயும் கூட்டினால் 183. நமக்குப் பழக்கமான பிபோனாச்சித் தொடரின் உடன்பிறப்பு! 183ஐ 113ஆல் வகுத்தால் பொன் விகிதம் வந்து நிற்கிறது. 183 என்பது மனிதனின் உயரம், 113 தொப்புளின் உயரம், அதன் இருமடங்கான 226 கையை உயர்த்தியபோது எட்டும் உயரம். 1946இல் பிரின்ஸ்டன் சென்று ஐன்ஸ்டைனிடமே இதைக் காட்டி வந்தார். ஆனால் முதலில் 175 என்றிருந்த மனித உயரத்தைப் பின்னர் ஆறடி மனிதனுக்கு மாற்றிக்கொண்டார் என்று படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறடி மனிதர் யாருமில்லை. தலையில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள் பெண்ணின் உயரம் எந்தத் தொடரில் வரும்?

இந்தக் கேள்விக்கு விடை போலவே அமைந்தது அவருடைய அடுத்த பெரும்பணி. 1947இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. முதலில் திட்டம் தீட்டிய அமெரிக்கர் ஆல்பர்ட் மேயரின் துணைவர் நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் மாண்டார். புதியவரைத் தேடி ஐரோப்பா சென்ற தாப்பர், வர்மா என்ற இரு அதிகாரிகள் கார்பூசியேயிடம் வந்து சேர்ந்தனர். 1951 பிப்ரவரியில் இந்தியா வந்தவர் சில நாட்களிலேயே சண்டிகர் நகரத்தின் வரைபடத்தை முடித்தார். 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமுமான கட்டங்களாக நகரம் பிரிக்கப்பட்டது. அவருடைய சிற்றப்பன் முறையினர் வழிவந்த பியேர் ழான்னரேவும், ஆங்கிலேயரான மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியரும், இந்திய இளைஞர்கள் பலரும் அங்கேயே தங்கி உழைத்தனர். கார்பூசியே ஆண்டுக்கு இருமுறை வந்து போனார். பிரதமர் நேருவின் ஆதரவு கடைசிவரை இருந்தது.

உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம் மூன்றும் பூசாத கான்கிரீட்டால் ஆனவை. பெரிய இயந்திரங்கள் இல்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர் கைகளாலும் தலைகளாலும் சுமந்து கொட்டிய கான்கிரீட் அது. புகைப்படங்களில் சேலையும் சல்வாரும் அணிந்த பெண்கள் சட்டியோடு சாரத்தில் ஏறுகிறார்கள். வெயிலைத் தடுக்கச் சன்னல்களுக்கு வெளியே கான்கிரீட் தடுப்புகள் வைத்தார். நம் ஊர் அரசு அலுவலகங்களில் இன்றும் காணும் செங்குத்தான கான்கிரீட் பட்டைகள் அவ்வழி வந்தவையே. (இவ்விடத்தில் புதுச்சேரியை மறக்கலாகாது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் அமைத்த கோல்கொண்டா விடுதி, சண்டிகருக்கு முன்பே, 1940களிலேயே பூசாத கான்கிரீட்டையும் திறந்து மூடும் கான்கிரீட் பலகைகளையும் கொண்டு எழுந்துவிட்டது.)

சட்டமன்ற அரங்கின் வடிவம் நம் பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போன்றது. அதிபரவளைவை அதன் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் வடிவம். அகமதாபாத் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்து அவருக்கு அது தோன்றியது. நெய்வேலிப் பக்கம் போனவர்கள் இத்தகைய கோபுரங்களைக் கண்டிருப்பார்கள். அப்பரப்பின் விந்தை என்னவென்றால், வளைந்து தோன்றினாலும் அது முழுக்க முழுக்க நேர்க்கோடுகளால் ஆனது. ஒரு கட்டு தென்னை ஈர்க்கை நடுவில் பிடித்து முறுக்கினால் அவ்வடிவம் வந்துவிடும். நேர்ப்பலகைகளையே சாய்த்துச் சாய்த்து அடுக்கி அதற்கு அச்சு செய்யலாம் என்று நான் வீட்டில் ஈர்க்கை வைத்துக் காட்டியபோது, என் தந்தையார் முதன்முறையாக என் கணிதப் பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்.

குறைகளும் உண்டு. உயர்நீதிமன்றத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடமில்லை என்று பின்னால் தாழ்வாரம் சேர்க்க நேர்ந்தது. முதலமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை பதவித் தரத்துக்கேற்ப வீடுகள் வகுக்கப்பட்டன. ஆனால் அந்நகரைக் கட்ட வந்த கூலித் தொழிலாளரின் குடிசைகளுக்குத் திட்டத்தில் இடமில்லை. அங்கிருந்த சிற்றூர்களின் உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். கட்டியவனுக்குக் கட்டடத்தில் இடமில்லை என்பது எங்கள் வீட்டுக்குப் புதிய செய்தியன்று.

அதே காலத்தில் ரோன்ஷாம் குன்றின்மேல் நண்டோட்டைக் கவிழ்த்தது போன்ற கூரையுடைய தேவாலயத்தை 1955இல் கட்டி முடித்தார். தம்மை நேர்க்கோட்டின் அடியார் என்று எண்ணியிருந்த சீடர்களைத் திகைக்க வைத்தார். அகமதாபாத்தில் நான்கு கட்டடங்கள் அமைத்தார். அவரிடம் பாரிசில் வேலை பார்த்த பாலகிருஷ்ண தோஷி, பிற்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த கட்டடக் கலைஞராகி, 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இலண்டன், பாஸ்டன், தோக்கியோ என்று பச்சைக் கான்கிரீட் இருபது ஆண்டுகள் உலகை ஆண்டது. நூலகம், பல்கலைக்கழகம், ஏழைகளுக்கான அடுக்குமாடி யாவும் அவ்வாறே எழுந்தன. பிறகு வெறுப்பு வந்தது. மழையில் கறுத்த சுவர்களைக் கண்டு மக்கள் முகம் சுளித்தார்கள். பராமரிக்க வேண்டிய அரசுகளும் கைவிட்டன. ஸ்மித்சன் தம்பதியர் இலண்டனில் கட்டிய ராபின்ஹுட் கார்டன்ஸ் குடியிருப்பை 2017இல் இடிக்கத் தொடங்கினர். இடித்ததில் ஒரு துண்டை அருங்காட்சியகம் எடுத்து வைத்துக்கொண்டது! அதே ஆண்டு ஏப்ரலில் தில்லிப் பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் எழுப்பிய நாடுகளின் மண்டபமும் ஒரே இரவில் தரைமட்டமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான், 2016இல், சண்டிகர் தலைநகர வளாகமும் மார்செய்க் குடியிருப்பும் உட்பட ஏழு நாடுகளில் உள்ள கார்பூசியேயின் 17 படைப்புகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

ஆயிரம் பேருக்கு வீடு கட்டியவர், கோடைக்காலத்தில் தமக்கென்று தென்பிரான்சின் கடலோரத்தில் வைத்துக்கொண்டது ஒரு மரக்குடில். நீளம் 3.66 மீட்டர், அகலமும் அவ்வளவே. 183இன் இருமடங்கு என்று கணக்கு மாணவர்கள் கண்டிருப்பார்கள். 1957இல் மனைவியார் மறைந்தார். தாயார் நூறு வயதை நெருங்கி 1960இல் மறைந்தார். 1965 ஆகஸ்ட் 27ஆம் நாள் காலை, அக்குடிலிலிருந்து இறங்கிக் கடலில் நீந்தச் சென்றவர் உயிரோடு கரையேறவில்லை. வயது 77. லூவர் அரண்மனை முற்றத்தில் அரசு மரியாதை நடந்தது. அங்கே கிரேக்க மண்ணும் நம் கங்கை நீரும் அவருக்குச் சொரியப்பட்டன. சண்டிகருக்காக அவர் வரைந்து வைத்த திறந்த கை என்ற சின்னம், காற்றில் சுழலும் பெரிய உலோகக் கையாக 1985இல்தான் அங்கே எழுந்தது.

நூலகத்திலிருந்து அந்நூலை ஒருமுறை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். தந்தையார் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். ஆங்கிலம் தெரியாது. மார்செய்த் தூணின் படத்தை விளக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, இங்கே பலகை இணைப்பில் சிமெண்டுப் பால் கசிந்திருக்கிறது, சந்தை ஒழுங்காக அடைக்கவில்லை என்றார். இன்னோரிடத்தில், இந்தப் பலகை அடித்தவன் கைகாரன் என்றார். பிறகு, இவ்வளவு பெரிய வேலைக்குச் சென்ட்ரிங் அடித்தவர்கள் பெயர் புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அமைச்சர் பெயர் இருந்தது, பொறியாளர்கள் பெயர் இருந்தது. அவர்கள் பெயர் இல்லை.

மறுநாள் நூலைத் திருப்பித்தர வேண்டிய நாள். இன்னும் பதினைந்து நாள் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேட்டார். காலையில் நூலகத்துக்குச் சென்று தவணையைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.